மலிவான ஆறுதலும் மெய்யான போராட்டமும்: கிறிஸ்தவ ஆன்மிக வளர்ச்சி குறித்த தவறான கொள்கைகளுக்கு ஒரு மறுப்பு

கிறிஸ்தவ விசுவாசத்தை ஏற்றவனைத் துன்பம் அணுகாது என்று ஒரு சாரார் கூறுவர். துன்பமே அவனுக்குக் கிடைத்த வரம், ஆகையால் அதனை அவன் வாய்திறவாது சுமத்தல் வேண்டும் என்று மற்றொரு சாரார் கூறுவர். இவ்விரு சாராரையும் சான்றாகக் காட்டி, சமயம் என்பது மனிதனை மயக்கும் மருந்தேயன்றி வேறன்று என மூன்றாவது சாரார் முடிவு கட்டுவர். முதலிரு கூற்றுகளும் பிரசங்க மேடைகளிலும் செத்தவீடுகளிலும் ஒலிப்பவை. மூன்றாவது கூற்றுப் பல்கலைக்கழக விடுதிகளிலும் விரிவுரை மண்டபங்களிலும் பெருவழக்காய் இருப்பது. மூன்றும் ஒன்றுக்கொன்று பகையானவைபோலத் தோன்றினும், உற்று நோக்குமிடத்து மூன்றும் ஒரே பிழையையே செய்கின்றன என்பது புலனாகும். விசுவாசத்தின் உள்ளே நிகழும் போராட்டத்தை இவற்றுள் எதுவும் காணவில்லை. ஒன்று அதனை மறைக்கிறது; மற்றொன்று அதனை அடக்குகிறது; மூன்றாவது அதனை அறியாமலே தீர்ப்பு வழங்குகிறது.

துன்பம் வேறு, போராட்டம் வேறு. இவ்வேறுபாட்டைத் தெளிவுபடுத்தாமல் இவ்விடயத்தைப் பற்றிப் பேசுதல் வீண். துன்பம் என்பது ஒருவன்மேல் வந்து விழுவது. போராட்டம் என்பது வந்து விழுந்ததனோடு அவன் செய்வது. துன்பம் தன்னளவில் எவரையும் வளர்ப்பதில்லை. பசி மனிதனைப் புனிதனாக்குவதிலும் பார்க்க மெலிந்தவனாக்குவதே பெரும்பான்மை. வதைமுகாமிலிருந்து மீண்டோர் யாவரும் ஞானிகளாய் மீண்டிலர். எனவே 'துன்பம் ஆன்மாவை வளர்க்கும்' என்ற பொதுவிதி பொய்யானது. துன்பத்தின் நடுவே தன் கடவுளோடும், தன்னோடும், தன் சூழலோடும் ஒருவன் நடத்தும் நேர்மையான போராட்டம் அவனை வளர்க்கக்கூடும் என்பதே கிறிஸ்தவ மரபு உண்மையில் கூறுவது. வளர்க்கும் என்பதன்று, வளர்க்கக்கூடும் என்பதே அதன் கூற்று என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

செழிப்பு உபதேசம்

முதற் சாராரின் கொள்கை வாணிபக் கொள்கையாகும். விசுவாசம் நாணயம், ஆசீர்வாதம் பண்டம், கடவுள் வணிகர். நோய் தீரும், கடன் அடையும், பரீட்சையிற் சித்தி கிடைக்கும், வெளிநாட்டு விசா கைகூடும் என வாக்குறுதிகள் அளிக்கப்படுகின்றன. அவை நிறைவேறினால் மேடையிற் சாட்சி பகரப்படும். நிறைவேறாவிடின், 'உன் விசுவாசம் போதாது' என்ற விடை ஆயத்தமாக இருக்கும். இவ்விடையின் கொடூரத்தை எண்ணிப்பார்த்தல் வேண்டும். பிள்ளையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த தாயிடம், அப்பிள்ளை இறந்தமைக்கு அவளது விசுவாசக் குறைவே காரணம் என்று கூறுவதற்கு இது சமமாகும். நோய் அவளுக்கு இழைத்தது ஒரு காயம். உபதேசம் இழைப்பது அதனினும் ஆழமான இரண்டாவது காயம்.

இக்கொள்கையை மறுப்பதற்கு விவிலியத்துக்கு வெளியே செல்லவேண்டிய தேவையில்லை. தன் உடலிலிருந்த முள்ளை நீக்குமாறு மூன்றுமுறை மன்றாடியதாகவும் அது நீக்கப்படவில்லை என்றும் பவுல் கொரிந்தியர்க்கு எழுதினார். விசுவாசம் போதாதவர்க்கே துன்பம் நீங்காது என்பது விதியாயின், பவுலின் விசுவாசமும் போதாததாகவே கொள்ளப்படல் வேண்டும். கெத்சமனித் தோட்டத்திலே இயேசு தம் பாத்திரம் நீங்குமாறு வேண்டினார், அது நீங்கவில்லை. சிலுவையிலே அவர் எழுப்பிய கூக்குரல் கைவிடப்பட்டவனின் கேள்வியாக இருந்தது. அதற்குப் பதில் வந்ததாக நற்செய்தியாளர் மாற்கு எழுதவில்லை. செழிப்பு உபதேசகர் தம் அளவுகோலை நேர்மையோடு பிரயோகிப்பாராயின், அவ்வளவுகோலின்படி முதலில் தோற்பவர் அவர் வணங்கும் ஆண்டவரேயாவார்.

அவர்கள் பெரிதும் எடுத்தாளும் யோபின் வரலாறும் அவர்களுக்கு எதிரான சாட்சியே. இழந்தவற்றை யோபு இரட்டிப்பாகத் திரும்பப் பெற்றான் என்பதையே அவர்கள் மீண்டும் மீண்டும் கூறுவர். நாற்பத்திரண்டு அதிகாரங்கள் கொண்ட அந்நூலின் முதலிரண்டையும் கடைசி ஒன்றையும் மட்டும் வாசிப்போர்க்கே அவ்வாறு கூறல் இயலும். இடையிலுள்ளவை பெரும்பாலும் வாதம். யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். கடவுளை வழக்காட அழைக்கிறான். தன் குற்றம் யாதெனக் காட்டுமாறு சவால் விடுகிறான். அவனைத் தேற்ற வந்த எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் ஆகிய நண்பர் மூவரும் கடவுளின் நீதியைப் பாதுகாத்துப் பக்தியோடு பேசுகின்றனர். பாவஞ் செய்தவனே துன்புறுவான், ஆகவே நீ பாவி என்கின்றனர். நூலின் இறுதியில் கடவுளின் தீர்ப்பு யாருக்குச் சார்பாக அமைகிறது? தம்மைப் பாதுகாத்துப் பேசிய நண்பர்கள் சரியானதைப் பேசவில்லை என்றும், தம்மோடு வழக்காடிய யோபே சரியானதைப் பேசினான் என்றும் கடவுள் கூறுகிறார். இத்தீர்ப்பு, யோபு எதையும் திரும்பப் பெறுமுன்னரே வழங்கப்பட்டு விடுகிறது. மந்தைகள் இரட்டித்தமை அதன் பின்னரே, அதுவும் அவன் தன்னைக் காயப்படுத்திய அதே நண்பர்களுக்காக மன்றாடியபோதே நிகழ்கிறது. மேலும், ஆடுகளும் ஒட்டகங்களும் இரட்டித்தனவேயன்றி, இறந்த பத்துப் பிள்ளைகளும் எழுந்துவரவில்லை. புதிய பிள்ளைகள் பிறந்தனர். பழைய கல்லறைகள் அவ்வாறே இருந்தன. இதனை ஈட்டுத்தொகையாகக் காண்பவர் பிள்ளை என்றால் என்னவென்று அறியாதவராவார்.

பொறுமை உபதேசம்

இரண்டாம் சாராரின் கொள்கை இதனினும் நுட்பமானது. ஆதலால் இதனினும் ஆபத்தானது. துன்பம் உண்டு என்பதை இவர்கள் ஒப்புக்கொள்வர். ஆயின் அதனை உடனே கடவுளின் பாடமாக மாற்றிவிடுவர். சிலுவையைச் சும, கேள்வி கேளாதே, இறுதியில் உனக்கு மகுடம் உண்டு என்பதே இவர்களது போதனை. இவ்வுபதேசத்தைச் செய்வோர் பெரும்பாலும் அச்சிலுவையைச் சுமப்பவராக இருப்பதில்லை என்பது முதலிற் கவனித்தற்குரியது. தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்குப் பொறுமையைப் போதித்தவர் லயத்து அறையில் வாழ்ந்தவரல்லர். அடிவாங்கும் மனைவிக்குப் பொறுமையைப் போதிப்பவர் அடிவாங்குபவரல்லர்.

இவ்வுபதேசம் யாருக்குப் பயன்பட்டது என்பதை வரலாறு காட்டும். பிரித்தானிய மேற்கிந்தியத் தீவுகளில் இருந்த கறுப்பின அடிமைகளின் உபயோகத்துக்கென 1807இல் இலண்டனில் ஒரு விவிலியம் அச்சிடப்பட்டது. பழைய ஏற்பாட்டின் மிகப் பெரும்பகுதி அதில் இல்லை. இஸ்ரவேலர் எகிப்தின் அடிமைத்தளையை அறுத்து வெளியேறிய வரலாறு அதில் வெட்டப்பட்டிருந்தது. எஜமானருக்குக் கீழ்ப்படிதலைப் போதிக்கும் பகுதிகளோ விடப்பட்டிருந்தன. இதிலிருந்து பெறப்படும் முடிவு தெளிவானது. விவிலியம் வெறும் பொறுமையையே போதிக்கும் நூலாயின், அடிமை முதலாளிகள் அதனை வெட்டவேண்டிய அவசியம் ஏற்பட்டிராது. பொறுமை உபதேசம் விவிலியத்திலிருந்து பிறந்ததன்று. விவிலியத்தை வெட்டிய கத்தரிக்கோலிலிருந்து பிறந்தது.

இந்நாட்டிலும் இக்கொள்கை சோதிக்கப்பட்ட நாள் ஒன்றுண்டு. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்புச் சீயோன் ஆலயத்திலும், கொழும்பின் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சீயோன் ஆலயத்தில் மாண்டோருட் பலர் சிறுவர்கள். அச்சிறுவரின் பெற்றோரிடம், 'ஆண்டவர் மலர்களைப் பறித்துக்கொண்டார். இதன்மூலம் உங்கள் விசுவாசத்தைப் புடமிடுகிறார்' என்று கூறுவது எத்தகைய இறையியல்? ஒரு தாயின் பண்பை மேம்படுத்தும்பொருட்டு அவள் பிள்ளையைக் கொல்லும் கடவுள் வணக்கத்துக்கு உரியவரா? அவரை வணங்க மறுப்பவனே அறநெறி உடையவன் எனல் வேண்டும். கொலை கொலையாளியின் செயல். தடுக்கக்கூடியவர் தடாமை அவர்தம் குற்றம். இரண்டையும் கடவுளின் கணக்கில் எழுதுவது பக்தியன்று. குற்றவாளிக்குச் செய்யும் உதவியாகும்.

பிள்ளைகளை இழந்த தந்தையரும் குருமாரும் பிறரும் பொறுமை உபதேசத்தைக் கேட்டுக்கொண்டு வாளாவிருந்தாரல்லர். அவர்கள் நீதிமன்றம் சென்றனர். முன்கூட்டியே தகவல் கிடைத்திருந்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறியமை அடிப்படை உரிமை மீறலே என 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, முன்னாள் ஜனாதிபதி உள்ளிட்டோர் நட்டஈடு செலுத்தவேண்டுமெனக் கட்டளையிட்டது. இம்மனுதாரர்களின் செயல் விசுவாசத்துக்குப் புறம்பானதா? யோபு கடவுளையே வழக்குக்கு அழைத்தான் எனில், அரசை வழக்குக்கு அழைத்தல் விசுவாசத்துக்குப் புறம்பாவது எங்ஙனம்? புலம்பலும் வழக்காடலும் ஜெபத்தின் வடிவங்களே என்பதை 150 சங்கீதங்களுள் ஏறத்தாழ மூன்றிலொன்று முறையீடாக அமைந்திருப்பதே உணர்த்தும்.

மயக்கமருந்து என்னும் குற்றச்சாட்டு

மூன்றாம் சாரார் மேற்கூறிய இரண்டையும் கண்டு வெறுப்புற்றவர்கள். அவ்வெறுப்பு நியாயமானது. சமயத்தை மயக்கமருந்தோடு ஒப்பிட்டு 1844இல் கார்ல் மாக்ஸ் வெளியிட்ட கருத்து, செழிப்பு உபதேசத்துக்கும் பொறுமை உபதேசத்துக்கும் அச்சொட்டாகப் பொருந்தும். இதனை மறுக்க முற்படும் கிறிஸ்தவன் தன் நேர்மையை இழப்பான். ஆயின், விசுவாசம் முழுவதும் ஆறுதலே, ஆறுதலைத் தவிர அதில் வேறொன்றுமில்லை என்று அவர்கள் மேலும் கூறுமிடத்து, அக்கூற்றுச் சான்றுகளோடு முரண்படுகிறது.

ஜேர்மன் இறையியலாளர் டீற்றிரிக் பொன்ஹோபரின் வாழ்வு அத்தகைய சான்றுகளுள் ஒன்று. 1906இல் பிறந்த அவர், நாசி ஆட்சிக்குத் தலைவணங்க மறுத்த திருச்சபையினருள் ஒருவராக விளங்கினார். அவர் நடத்திய இரகசியக் குருமடத்தை 1937இல் கெஸ்டாப்போ மூடியது. அதே ஆண்டில் வெளிவந்த தமது நூலில், மனந்திரும்புதலும் கீழ்ப்படிதலும் இன்றி வழங்கப்படும் மலிவான அருளே திருச்சபையின் கொடிய பகை என அவர் வாதிட்டார். 1939 ஜூனில் அவர் நியூயோர்க் சென்றடைந்தார். அங்கே பதவியும் பாதுகாப்பும் காத்திருந்தன. ஒரு மாதத்துக்குள் அவர் ஜேர்மனிக்கே திரும்பினார். தன் மக்களின் சோதனைக் காலத்தில் அவர்களோடு இராதவனுக்கு, யுத்தத்தின் பின் அவர்களோடு சேர்ந்து எதனையும் கட்டியெழுப்பும் உரிமை இல்லை என்பது அவர் கண்ட நியாயம். 1943 ஏப்ரலில் அவர் கைதானார். 1945 ஏப்ரல் 9ஆம் நாள், ஜேர்மனி சரணடைவதற்கு ஒரு மாதம் இருக்கையில், புளொசன்பேர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார்.

மயக்கமருந்து உண்டவன் பாதுகாப்பான நகரத்திலிருந்து ஆபத்தான நகரத்துக்குக் கப்பலேறுவதில்லை. சிறையில் அவர் எழுதியவையும் மயங்கிய மனத்தின் எழுத்துகளல்ல. பிறர் தம்மை அமைதியும் துணிவும் உடையவராகக் காண்பதையும், தாம் உள்ளே கலங்கித் தவிப்பதையும் ஒப்புநோக்கி, இவ்விருவருள் தாம் யார் என்ற வினாவை அவர் ஒளிவுமறைவின்றி எழுப்பினார். ஹிற்லருக்கு எதிரான சதியில் பங்குகொண்ட தம் செயலைப் புண்ணியமாக அவர் காட்டிக்கொண்டாரல்லர். குற்றத்தின் பாரத்தையும் சுமக்கவேண்டிய செயலாகவே அதனைக் கண்டார். ஆறுதலை விட்டு நீங்கிப் பொறுப்பை நோக்கி அவர் நடந்த நடை இது. கிறிஸ்தவ மரபு ஆன்மிக வளர்ச்சி எனக் கூறுவது இதனையே.

இந்நாட்டவர்க்கு ஜேர்மனி தொலைவானதாயின், புத்தளை தொலைவன்று. 1980 முதல் அங்கே வறிய பௌத்த விவசாயிகளிடையே வாழ்ந்தவர் மைக்கல் ரொட்றிகோ அடிகள். அவர் அங்கே எவரையும் மதம் மாற்றச் சென்றவரல்லர். அம்மக்களோடு வாழவும் அவர்களிடம் கற்கவும் சென்றவர். அச்சுறுத்தல்களின் மத்தியிலும் அவர் அவ்விடத்தை விட்டு நீங்கவில்லை. 1987 நவம்பர் 10ஆம் நாள் திருப்பலி ஒப்புக்கொடுக்கையில் சுட்டுக்கொல்லப்பட்டார்.

மற்றொரு சான்று அன்னை தெரேசாவினுடையது. 1997இல் அவர் இறந்து பத்தாண்டுகள் கழித்து, 2007இல் அவரது கடிதங்கள் நூலுருப் பெற்றன. ஏறத்தாழ ஐம்பதாண்டுக் காலம் கடவுளின் அண்மையை அவர் உணரவில்லை என்பதும், ஜெபத்தில் வெறுமையே எஞ்சியது என்பதும் அக்கடிதங்களால் உலகுக்குத் தெரியவந்தன. அவரது விசுவாசம் வெறும் பாவனை என்பதற்கு இது சான்று எனச் சிலர் மகிழ்ந்தனர். அவசரப்பட்ட மகிழ்ச்சி அது. விசுவாசம் ஆறுதலுக்காகவே கொள்ளப்படுவதாயின், ஆறுதல் அற்றுப்போன முதலாண்டிலேயே அவர் அதனைக் கைவிட்டிருத்தல் வேண்டும். அவர் கைவிடவில்லை. பதினாறாம் நூற்றாண்டு ஸ்பானிய ஞானி சிலுவை யோவான் இந்நிலையை ஆன்மாவின் இரவாகக் கண்டார். சீர்திருத்தத்தை எதிர்த்த தம் சபைச் சகோதரராலேயே 1577 டிசம்பரில் பிடிக்கப்பட்டு, தொலேடோ நகரிற் பல மாதங்கள் இருட்டறையிற் சிறையிருந்தவர் அவர் என்பதை நினைக்குமிடத்து, அவர் கண்ட இருள் ஏட்டளவில் அமைந்ததன்று என்பது விளங்கும்.

இவற்றால் கடவுளின் இருப்பு நிறுவப்பட்டுவிட்டது எனக் கொள்ளலாகாது. நிறுவப்படுவது ஒன்றே: விசுவாசம் ஆறுதலைத் தேடும் பலவீனம் என்ற விளக்கம் இம்மனிதரை விளக்கப் போதாது. வறியோரின் துன்பத்தைப் புனிதப்படுத்துவதாக அமைந்த அன்னை தெரேசாவின் கூற்றுகள் கண்டனத்துக்குள்ளானவை, அக்கண்டனத்தில் நியாயமுண்டு. பிறர் துன்பத்தை அழகுபடுத்த எவருக்கும் உரிமையில்லை. தன் இருளைத் தானே சுமந்த தெரேசாவிடமே கற்பதற்கு உண்டு.

வளர்ச்சி என்பது யாது?

போராட்டம் ஒருநாளில் முடிந்து வெற்றி கிட்டிவிடும் என்ற எண்ணமும் களையப்படல் வேண்டும். அகுஸ்தீன் 386இல் மிலான் நகரத் தோட்டமொன்றில் மனமாற்றம் எய்திய நிகழ்ச்சியைப் பலரும் அறிவர். அதனைக் கூறும் அவரது நூல் பதின்மூன்று பாகங்கள் கொண்டது. தோட்டம் எட்டாம் பாகத்தில் வருகிறது. பத்தாம் பாகத்தில், ஆயராகிவிட்ட பின்னரும், தம்மைத் தொடரும் ஆசைகளையும் புகழ் விருப்பையும் அவர் ஒன்றொன்றாய் எண்ணிக் காட்டுகிறார். எட்டாம் பாகத்தோடு நூலை மூடிவைப்போர் தமக்கு வேண்டிய அகுஸ்தீனையே காண்கின்றனர்.

தமிழிலக்கியமும் இதற்குச் சான்று பகரும். போதிப்பதில்லை என உறுதியளித்தால் விடுதலை பெற்றிருக்கலாம் என்ற நிலையிலும், 1660 முதல் 1672 வரை பெட்போர்ட் சிறையில் இருந்தவர் ஜோன் பனியன். அவர் எழுதிய யாத்திரைக் கதையைத் தழுவி, 1894இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகத்தைப் பாடியவர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. வைணவக் குடியிற் பிறந்து, கம்பனிலே தோய்ந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்றவர் அவர். தம் புதிய சமயத்தைப் பாட அவர் தெரிந்தெடுத்த கதை, அடைந்துவிட்டவனின் கதையன்று, நடந்துகொண்டிருப்பவனின் கதை. சேற்றிலே அழுந்தாமலும் ஐயத்தின் கோட்டையிலே சிறைப்படாமலும் அந்நகரை அடைய வழியில்லை.

ஆகவே மெய்யான போராட்டத்தைப் போலியினின்று பிரித்தறிய மூன்று அளவுகோல்களைக் கூறலாம். முதலாவது, நேர்மை. கேள்வியையும் கோபத்தையும் மறைக்கும் பக்தி யோபின் நண்பர்களுடைய பக்தி. இரண்டாவது, அப்போராட்டம் தன்னுடையதாக இருத்தல். தன் காயத்திலிருந்து ஒருவன் பாடம் பெறலாம்; பிறன் காயத்துக்குப் பாடம் எழுதும் அதிகாரம் அவனுக்கில்லை. மூன்றாவது, பயன். போராட்டத்தின் பின் அயலவனின் துன்பத்துக்கு அவன் செவி கூர்மையடைந்துள்ளதா, மழுங்கியுள்ளதா என்பதே வினா. தன் விடுதலையை மட்டும் எண்ணி முடிபவன் வளர்ந்தவனல்லன்.

யாப்போக்கு ஆற்றங்கரையில் யாக்கோபு விடியுமளவும் போராடினான். அவன் ஆசீர்வாதமும் பெற்றான். தொடைச்சந்து சுளுக்கி நொண்டியுமானான். இரண்டும் ஒரே இரவிற் கிடைத்தன. நொண்டாத ஆசீர்வாதத்தைச் செழிப்பு உபதேசகர் விற்கிறார். ஆசீர்வாதமற்ற நொண்டுதலைப் பொறுமை உபதேசகர் விதிக்கிறார். போராட்டமே நிகழவில்லை என்று மறுப்பாளர் சாதிக்கிறார். ஆனால் மறுநாட் காலையில் யாக்கோபு தான் வஞ்சித்த சகோதரனை நோக்கி நொண்டி நொண்டி நடந்தான் என்பதை மூவருமே மறந்துவிடுகின்றனர். கடவுளோடு போராடியவன் செல்லவேண்டிய இடம் அதுவே.

ஐயம் கொண்ட மாணவனை ஆலயம் அச்சுறுத்தி அனுப்புமாயின், அவன் தன் ஐயத்தை மட்டுமல்ல, ஆலயத்தையும் ஒருநாள் விட்டுச்செல்வான். அவனோடு அமர்ந்து கேட்கும் திருச்சபையே அவன் வளர்வதற்கு இடமளிக்கும். யோபின் நண்பர்கள் செய்தவற்றுள் ஒன்று மாத்திரம் பழுதற்றது: வந்தவுடன் அவர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் அமர்ந்து, ஒரு வார்த்தையும் பேசாதிருந்தனர். செத்தவீட்டுக்குச் செல்லும் உபதேசகர் அந்த ஏழு நாட்களையேனும் முதலிற் கற்றுக்கொள்வாராக.